மின்சார ரயில் என்னும் பழைய சொல்

மதுரையிலிருந்து விரைவு வண்டியில் வந்து தாம்பரத்தில் இறங்கும் ஒருவர் கோடம்பாக்கம் போக வழி கேட்டால், "மின்சார ரயிலில் போங்கள்" என்றுதான் பதில் கிடைக்கும். அவர் சற்று முன்பு இறங்கிய வண்டியும் மின்சாரத்தில் ஓடி வந்ததுதான். இரண்டுக்கும் மேலே செல்வது ஒரே வகைக் கம்பி. அதில் பாய்வது ஒரே 25,000 வோல்ட் மின்சாரம். ஆயினும் விரைவு வண்டியை மின்சார ரயில் என்று சென்னையில் யாரும் சொல்வதில்லை. அந்தப் பெயர், நிலையத்துக்கு நிலையம் நின்று செல்லும் புறநகர் வண்டிக்கு மட்டுமே உரியது. பேச்சில் அது 'எலெக்ட்ரிக் டிரெயின்' ஆகலாம்; எழுத்தில் 'மின்சார ரயில்' ஆகலாம். பொருள் ஒன்றுதான்.

சொற்களின் வயதை எண்ணிப் பார்ப்பது இலக்கியம் வாசிப்பவர்களான நமக்குப் பழகிப்போன காரியம். ஒரு சொல் தன் காரணத்தை இழந்த பின்னும் வழக்கில் நிலைத்திருக்குமானால், அதனுள் ஏதோ ஒரு காலம் உறைந்து கிடக்கிறது என்று கொள்ளலாம். இந்தச் சொல்லில் உறைந்திருப்பது 1931-ஆம் ஆண்டு. அவ்வாண்டு மே மாதம் 11-ஆம் நாள் சென்னைக் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார வண்டிகள் பொதுமக்களுக்காக ஓடத் தொடங்கின. அன்று இப்பகுதியில் அந்தப் பெயருக்கு உரிய புறநகர் வண்டி அது ஒன்றுதான்.

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். ஒரு புறநகர் ரயில் உண்மையில் எப்படி இயங்குகிறது? தான் செல்லும் வழியில் அது எவற்றைப் படைக்கிறது? இறுதியாக, அது யாருக்குச் சொந்தம்? மூன்றாவது கேள்விக்கு விடை காண்பதுதான் கடினம். நகரத்தின் அன்றாட வாழ்வு பெரிதும் தொங்கிக்கொண்டிருப்பதும் அந்தக் கேள்வியில்தான்.

பாதை யாருக்காகப் போடப்பட்டது?

தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்துக்கும் ஆற்காட்டுக்கும், அதாவது இன்றைய வாலாஜா ரோடு நிலையத்துக்கும் இடையே திறக்கப்பட்டது. அதை அமைத்தது மதராஸ் ரயில்வே கம்பெனி. சென்னையின் தென்திசைப் பாதை வேறொரு கம்பெனியுடையது. தென்னிந்திய ரயில்வே என்ற அந்தக் கம்பெனி 1870-களின் பிற்பகுதியில் மீட்டர் கேஜ் பாதையைச் சென்னையிலிருந்து தெற்கே செங்கல்பட்டு, விழுப்புரம் வழியாகத் தூத்துக்குடி நோக்கிக் கொண்டுசென்றது. இரு கம்பெனிகளின் தண்டவாள அகலமும் வேறு. ஒன்று 1676 மில்லிமீட்டர். மற்றொன்று 1000 மில்லிமீட்டர். ஒரு பாதையின் வண்டி மற்றதில் ஏற முடியாது. மேற்கேயும் வடக்கேயும் செல்லும் வண்டிகளுக்கு 1873-இல் எழுந்த சென்ட்ரல், தெற்கே செல்லும் வண்டிகளுக்கு 1908 ஜூன் 11-ஆம் தேதி திறக்கப்பட்ட எழும்பூர் எனச் சென்னைக்கு இரண்டு தலைமை நிலையங்கள் வாய்த்த கதை இதுதான்.

தென்திசைப் பாதை சைதாப்பேட்டைக் குமாஸ்தாவுக்காகவோ பல்லாவரத்து வியாபாரிக்காகவோ போடப்பட்டதன்று. தஞ்சை, மதுரை, நெல்லைச் சீமைகளைத் தலைநகரோடு இணைப்பதும், துறைமுகங்களுக்குச் சரக்கைக் கொண்டுசேர்ப்பதும், இலங்கைக்குப் போகும் பயணிகளைக் கப்பலேற்றுவதும் அதன் நோக்கங்கள். தனுஷ்கோடி வழியாக இலங்கை சென்ற புகழ்பெற்ற போட் மெயில் எழும்பூரிலிருந்து இந்தப் பாதையில்தான் கிளம்பியது. கம்பெனியின் தலைமையகம் திருச்சிராப்பள்ளியில். அதன் இயக்குநர் குழு லண்டனில். பாதையோரத்துச் சிற்றூர்கள் வண்டி கடந்து செல்லும் இடங்களே தவிர, அதற்கு வேலை உள்ள இடங்களல்ல.

புறநகர் ரயிலுக்கும் மெட்ரோ ரயிலுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது. மெட்ரோ நகரத்துக்கென்றே கட்டப்படுவது. அதன் பாதையில் அதன் வண்டியைத் தவிர வேறெதுவும் ஓடாது. சென்னையில் 2015-இல் தொடங்கிய மெட்ரோ அத்தகையது. புறநகர் ரயிலோ பெரும்பாலும் இரவல் பாதையில் ஓடுவது. தொலைதூர வண்டிக்காகவும் சரக்கு வண்டிக்காகவும் போடப்பட்ட தண்டவாளத்தில், நகரம் வளர வளர, அன்றாடப் பயணி ஓர் ஓரமாக இடம் பிடித்துக்கொள்கிறான். உலகின் பல நகரங்களில் நடந்தது இதுதான். இரவல் என்பதால் மலிவாகக் கிடைத்தது. இரவல் என்பதாலேயே எப்போதும் இன்னொருவர் தயவில் நின்றது. பின்னால் வரப்போகும் சிக்கல்கள் யாவும் இந்த ஒரு வரியில் அடங்கியிருக்கின்றன.

வேகமன்று, அடிக்கடி வருவது

1931-க்கு முன்பும் இப்பாதையில் உள்ளூர் வண்டிகள் ஓடின. அவை நீராவியில் ஓடின. நீராவி எஞ்சின் தொலைதூரத்துக்கு ஏற்றது. அடிக்கடி நிற்கும் ஓட்டத்துக்கு ஏற்றதன்று. இன்று கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையிலான தூரம் சுமார் 29 கிலோமீட்டர். அதில் 18 நிலையங்கள். சராசரியாக 1.7 கிலோமீட்டருக்கு ஒரு நிறுத்தம். நீராவி எஞ்சின் மூச்சிரைத்து வேகம் பிடிப்பதற்குள் அடுத்த நிலையம் வந்துவிடும். கடைசி நிலையத்தை அடைந்ததும் எஞ்சினைக் கழற்றி, பக்கத்துப் பாதை வழியாகச் சுற்றிக் கொண்டுவந்து, வண்டியின் மறுமுனையில் மாட்ட வேண்டும். தண்ணீர் பிடிக்க வேண்டும். கரி நிரப்ப வேண்டும். சாம்பல் அள்ள வேண்டும்.

மின்சார வண்டியின் அமைப்பே வேறு. அதற்குத் தனி எஞ்சின் கிடையாது. மோட்டார்கள் பெட்டிகளின் அடியிலேயே பொருத்தப்பட்டிருக்கும். வண்டியின் பல சக்கரங்கள் ஒரே நேரத்தில் உந்துவதால், நின்ற இடத்திலிருந்து சட்டென்று வேகம் பிடிக்கும். இருமுனையிலும் ஓட்டுநர் அறை உண்டு. தாம்பரத்தை அடைந்ததும் ஓட்டுநர் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து போனால் போதும். வண்டி திரும்பத் தயார். இதனால் அதே பெட்டிகள் ஒரு நாளில் கூடுதல் தடவைகள் போய்வர முடிகிறது. மின்சாரம் தந்தது வேகத்தை என்று நினைக்கிறோம். அதைவிட முக்கியமாக அது தந்தது அடுத்தடுத்து வரும் வண்டிகளை.

இந்த வேறுபாடு சிறிதாகத் தோன்றினாலும் ஒரு மனிதரின் நாளை மாற்றவல்லது. ஒரு மணிக்கு ஒரு வண்டி என்றால் பயணி கால அட்டவணைக்கு அடிமை. தவறவிட்டால் வேலை போயிற்று. பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி என்றால் அவர் அட்டவணையை மறந்துவிடலாம். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் என்ற நம்பிக்கையைப் போன்றதுதான் இது. அந்த நம்பிக்கை பிறந்த பிறகே வேலை செய்யும் இடத்திலிருந்து 20 கிலோமீட்டர் தள்ளி வீடு கட்டும் துணிவு நடுத்தரக் குடும்பங்களுக்கு வந்தது.

இந்தியாவில் முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரி 3-ஆம் தேதி பம்பாய் விக்டோரியா டெர்மினஸுக்கும் குர்லாவுக்கும் இடையே ஓடியது. ஆறே ஆண்டுகளில் சென்னைக்கும் அது வந்தது. இரண்டிலும் 1500 வோல்ட் நேர்மின்சாரம். ஆனால் பம்பாயில் அகலப் பாதை, சென்னையில் மீட்டர் கேஜ். கல்கத்தாவுக்கு மின்சார ரயில் 1957-இல்தான் வந்தது. பெரிய நகரமான கல்கத்தாவைச் சென்னை 26 ஆண்டுகள் முந்திக்கொண்டது வியப்பளிக்கலாம். மின்சாரம் சென்னைப் பயணிக்குப் புதிதன்று. 1895 முதலே நகரத்தெருக்களில் மின்சார டிராம் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் டிராம் நகருக்குள் குறுகிய தூரம் செல்வோருக்கானது. நகரமோ அப்போது தன் எல்லையைத் தாண்டத் தொடங்கியிருந்தது. 1921 கணக்கெடுப்பில் சுமார் 5 லட்சத்து 27 ஆயிரமாக இருந்த சென்னையின் மக்கள்தொகை 1931-இல் 6 லட்சத்து 47 ஆயிரமாக உயர்ந்தது. அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் எண்ணாயிரம் பேரே கூடியிருந்தனர் என்பதோடு ஒப்பிட்டால் இந்த வளர்ச்சியின் வேகம் புலப்படும்.

மின்கம்பி தாம்பரத்தோடு நின்றது என்பதைக் கவனிக்க வேண்டும். அதற்கு அப்பால் விழுப்புரம் வரை அது நீள 1960-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை போட் மெயிலும் மற்ற நெடுந்தூர வண்டிகளும் தாம்பரத்தைத் தாண்டியதும் நீராவியில்தான் போயின. ஆக, 1931-இல் கம்பி போடப்பட்டது அன்றாடப் பயணியை மனத்தில் வைத்துத்தான். காலையில் போய் மாலையில் திரும்பும் ஒரு மனிதரின் நாள் எவ்வளவு நீளமோ, கம்பியும் அவ்வளவு நீளம்.

கம்பியின் கீழே முளைத்த ஊர்கள்

கடற்கரை நிலையத்தைச் சுற்றித் துறைமுகம், தலைமை அஞ்சலகம், உயர்நீதிமன்றம், வங்கிகள், வணிகக் கம்பெனிகள். காலையில் எல்லோரும் அங்கே போக வேண்டும். மாலையில் எல்லோரும் அங்கிருந்து திரும்ப வேண்டும். புறநகர் ரயில் வளர ஏற்ற நிலம் இதுதான். வேலை ஒரு முனையில் குவிந்திருக்க, வீடுகள் ஒரு கோட்டின் நெடுகப் பரவியிருக்கும். அதனால் சென்னையும் தென்திசையில் வட்டமாக அன்றி, ஒரு கயிறு போல வளர்ந்தது. கயிற்றில் முடிச்சுகள் விழுந்த இடங்களில் நிலையங்கள்.

மாம்பலத்தை எடுத்துக்கொள்வோம். 1923-இல் ஏரியை வடித்து, நகரமைப்புத் திட்டப்படி அங்கே தியாகராய நகர் உருவாக்கப்பட்டது. நடுவே பனகல் பூங்கா, அதிலிருந்து ஆரக்கால்களாகப் பிரியும் சாலைகள். அந்தக் குடியிருப்பு வேரூன்றிவந்த சமயத்தில்தான் மின்சார ரயில் வந்தது. நிலையத்திலிருந்து உஸ்மான் சாலைக்குச் செல்லும் சிறிய ரங்கநாதன் தெரு இன்று நாடறிந்த கடைத்தெரு. அதன் நெரிசலுக்குக் காரணம் தெருவின் பெருமையன்று. அதன் ஒரு முனையில் ஒவ்வொரு வண்டியும் இறக்கிவிட்டுப் போகும் கூட்டம். ஆனால் பாதைக்கு மறுபுறம் மேற்கு மாம்பலம் பழைய கிராமத்தின் குறுகிய தெருக்களோடு தனியே நின்றது. ரயில் பாதை நீளவாக்கில் ஊர்களை இணைக்கும். குறுக்குவாக்கில் ஊரைப் பிளக்கும். பெருமழையில் நீர் நிரம்பிவிடும் துரைசாமி சுரங்கப்பாதையில் நின்று யோசித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

தெற்கே போகப் போக நிலையங்களின் பெயர்களே வரலாறு சொல்லும். குரோம் முறையில் தோல் பதனிட்ட ஆலையால் குரோம்பேட்டை. காசநோயாளிகளுக்காக டாக்டர் டேவிட் சவுரிமுத்து 1928-இல் தொடங்கிய மருத்துவமனையால் தாம்பரம் சானடோரியம். நகரத்தின் புழுதியும் புகையும் எட்டாத இடம் என்பதற்காக நோயாளிகள் அங்கே அனுப்பப்பட்டனர். மூன்றே ஆண்டுகளில் மின்சார ரயில் வந்து, நகரத்தையே அங்கே அழைத்து வந்துவிட்டது. தூய காற்றுக்குப் பெயர்பெற்ற அந்த நிலையத்தில் இன்று காலையில் இறங்குவோரில் ஏராளமானோர், 1984-இல் அருகே அமைந்த ஏற்றுமதி மண்டலத்தின் தொழிலாளர்கள்.

இந்தப் பாதையின் இலக்கியத் தொடர்பு ஒன்றை நாம் விட்டுவிட முடியாது. மறைமலையடிகள் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் 13 ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தார். 1911-இல் கல்லூரிப் பணியை விட்டு, நகர ஆரவாரத்திலிருந்து விலகிப் பல்லாவரத்தில் குடியேறினார். நூல்நிலையமும் ஆராய்ச்சியுமாக அங்கேயே வாழ்ந்து, 1950-இல் மறைந்தார். அவர் பல்லாவரம் வந்து 26 ஆண்டுகளுக்குப் பிறகு, 1937-இல், அவர் விட்டு வந்த அதே கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து பெயர்ந்து, அவர் வீடிருந்த பல்லாவரத்தையும் தாண்டித் தாம்பரத்துக்கு அருகே சேலையூர்க் காட்டில் குடியேறியது. பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே இன்றும் இரண்டே நிலையங்கள். ஒரு தனிமனிதர் அமைதி தேடிப் போன இடத்துக்கு ஒரு நிறுவனமே பின்தொடர்ந்து போவதற்குத் தேவையாக இருந்தது நிலம் மட்டுமன்று. ஆசிரியரையும் மாணவரையும் நாள்தோறும் கொண்டுபோய்க் கொண்டுவரும் ஓர் உறுதியும்தான். ரயிலைத் தொடர்வண்டி என்று சொல்லும் வழக்குக்கு வழிவகுத்த தனித்தமிழ் இயக்கத்தின் முன்னோடி அவர். அவர் பெயரைத் தாங்கிய மறைமலை நகர் அதே பாதையில், தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே, ஒரு நிலையமாக நிற்கிறது.

சீசன் டிக்கெட்டின் கணக்கு

நாள்தோறும் ஊர்விட்டு ஊர் சென்று வேலை பார்த்துத் திரும்புபவரை ஆங்கிலத்தில் 'கம்யூட்டர்' என்கிறார்கள். இச்சொல் பயணத்திலிருந்து பிறக்கவில்லை, கட்டணத்திலிருந்து பிறந்தது. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்க ரயில் கம்பெனிகள், ஒவ்வொரு முறையும் முழுக் கட்டணம் வாங்குவதற்குப் பதிலாக, பல பயணங்களுக்குச் சேர்த்து ஒரு குறைந்த தொகையை முன்கூட்டியே பெற்றுக்கொண்டு சீட்டு வழங்கின. பலவற்றை ஒன்றாக மாற்றிக் குறைப்பது என்ற பொருளில் அந்தச் சீட்டுக்கு ஏற்பட்ட பெயர், பிறகு சீட்டை வைத்திருந்த மனிதருக்கும் ஒட்டிக்கொண்டது. நம் ஊரில் அதுவே சீசன் டிக்கெட்.

இந்திய ரயில்வேயில் இரண்டாம் வகுப்பு மாதச் சீட்டின் விலை, ஏறத்தாழ 15 ஒற்றைப் பயணங்களின் கட்டணம். மாதம் 25 நாள் வேலைக்குப் போய்வருபவர் 50 பயணங்கள் செய்கிறார். அதாவது ஒவ்வொரு பயணத்துக்கும் அவர் கொடுப்பது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இதில் ரயில்வேக்கு இலாபமில்லை. புறநகர் வண்டிகள் நட்டத்தில் ஓடுகின்றன என்று அது நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது. கணக்குப் புத்தகத்தில் அது உண்மையே. ஆனால் அந்தப் புத்தகத்தில் ஏறாத இன்னொரு பக்கம் இருக்கிறது.

குறைந்த சம்பளக்காரர் ஒருவர் வீட்டு வாடகையையும் சீசனையும் கூட்டித்தான் எங்கே குடியிருப்பது என்று முடிவு செய்கிறார். நுங்கம்பாக்கத்தில் ஓர் அறைக்குக் கொடுக்க வேண்டிய வாடகையில் பெருங்களத்தூரில் ஒரு சிறு வீடு கிடைக்குமானால், நடுவே உள்ள வேறுபாட்டைச் சாத்தியமாக்குவது அந்தச் சிறு அட்டை. ரயில் வந்ததால் நிலையத்தை ஒட்டிய நிலங்களின் விலை ஏறுகிறது; கடைகள் பெருகுகின்றன; நகரத்துக்கு வேலையாட்கள் கிடைக்கிறார்கள். இந்த வரவில் எதுவும் ரயில்வேயின் கல்லாவுக்குப் போவதில்லை. செலவு ஒருவர் கணக்கிலும் வரவு பலர் கணக்கிலும் விழும்போது, செலவு செய்பவருக்கு ஆர்வம் குறைவது இயல்பு. புறநகர் ரயில் உலகெங்கும் எதிர்கொள்ளும் நெருக்கடி இது.

யாருடைய ரயில்?

1944-இல் தென்னிந்திய ரயில்வே அரசின் கைக்கு வந்தது. 1951 ஏப்ரல் 14-ஆம் தேதி மற்ற இரு ரயில்வேக்களுடன் இணைந்து தெற்கு ரயில்வே ஆனது. லண்டன் போய்ப் புதுதில்லி வந்தது. பேருந்து மாநில அரசிடம், தெரு மாநகராட்சியிடம், ரயில் மத்திய அரசிடம் என்ற பிரிவு அன்று முதல் நிலைபெற்றது. பயணிக்கு இது ஒரே பயணம். நிர்வாகத்துக்கு மூன்று உலகங்கள்.

இந்தப் பிரிவோடு இரவல் பாதையின் சிக்கலும் சேர்ந்துகொண்டது. எல்லா நிலையங்களிலும் நிற்கும் வண்டியும் எங்கும் நிற்காத வண்டியும் ஒரே தண்டவாளத்தில் ஓடினால், வேகமானது மெதுவானதை எட்டிப் பிடித்துவிடும். எனவே வேகமான வண்டிக்கு முன்னால் நெடுநேரம் பாதையைக் காலியாக வைத்திருக்க வேண்டும். ஒரு விரைவு வண்டிக்கு இடம் விடுவதற்காகப் பல புறநகர் வண்டிகளின் இடம் பறிபோகும். இதற்கு ஒரே தீர்வு இரண்டுக்கும் தனித்தனிப் பாதைகள். அவற்றைப் போட நிலம் வேண்டும். ஆனால் ரயில் வந்ததால் எழுந்த வீடுகளே அந்த நிலத்தை அடைத்துக்கொண்டு நிற்கின்றன.

வடசென்னையின் கதை இன்னும் கசப்பானது. 1856-இலேயே ரயிலைக் கண்ட ராயபுரம் அங்கேதான் இருக்கிறது. ஆலைகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் வடக்கிலும் மேற்கிலும்தான் நிறைந்திருந்தன. ஆனால் கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர்ப் பாதைகளுக்கு மின்கம்பி வந்தது 1979-இல். தாம்பரத்துக்கு வந்து 48 ஆண்டுகள் கழித்து. இதற்குக் காரணம் ஒன்றன்று. தண்டவாளம் வேறு, கம்பெனி வேறு, காலமும் வேறு. எனினும் குமாஸ்தாவின் திசைக்கு முதலிலும் தொழிலாளியின் திசைக்குக் கடைசியிலும் மின்சாரம் போய்ச் சேர்ந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

2004-இல் கடற்கரை–தாம்பரம் பாதையில் மீட்டர் கேஜ் மின்சார வண்டிகள் ஓய்வு பெற்று, அகலப் பாதை வண்டிகள் முழுதாக இடம்பிடித்தன. அதன் பிறகு தென்மாவட்டங்களுக்கான வண்டிகளும் பெருகின. புறநகர்ப் பயணிகளும் பெருகினர். 2018 ஜூலை 24-ஆம் தேதி காலை, மின்கம்பிக் கோளாறால் வண்டிகள் தாமதமாகி, கூட்டம் வழிந்த ஒரு புறநகர் வண்டி விரைவு வண்டிகளுக்கான பாதையில் திருப்பிவிடப்பட்டது. பரங்கிமலை நிலையத்தில் அந்தப் பாதையை ஒட்டிக் கான்கிரீட் தடுப்பு நின்றது. படியில் தொங்கிவந்த இளைஞர்கள் அதில் மோதி விழுந்தனர், சிலர் உயிரிழந்தனர். படியில் தொங்கியது அவர்கள் தவறு என்று சொல்லிவிடலாம். வேறொரு வண்டிக்காக அமைந்த பாதையில் அவர்களுடைய வண்டி ஓடியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இரவல் பாதை என்று முன்பு சொன்னோமே, அதன் விலை அன்று உயிர்களாக வசூலிக்கப்பட்டது.

ஐந்தாண்டுகள் கழித்து, கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே நான்காவது பாதை போடுவதற்காக, 2023 ஆகஸ்ட் 27 முதல் பறக்கும் ரயில் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே நிறுத்தப்பட்டது. அது மீண்டும் ஓடத் தொடங்கியது 2024 அக்டோபர் 29-இல். நான்காவது பாதை தேவையானதுதான். அதனால் புறநகர் வண்டிகளுக்கும் நெரிசல் குறையும். ஆனால் 14 மாதங்கள் வேளச்சேரிப் பயணி சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கிப் பேருந்து தேடினார். அதே 2023-இல் டிசம்பர் 30-ஆம் தேதி கிளாம்பாக்கத்தில் தென்மாவட்டப் பேருந்துகளுக்கான பெரிய நிலையம் திறக்கப்பட்டது. புறநகர் ரயில் பாதை அதற்கு எதிரிலேயே செல்கிறது. ஆனால் திறப்பு விழா நாளில் அங்கே ரயில் நிலையம் இல்லை. மூட்டை முடிச்சுகளோடு வந்தவர்கள் வண்டி கடந்துபோவதைப் பார்த்தபடி ஊரப்பாக்கத்துக்கோ வண்டலூருக்கோ போனார்கள்.

மாற்றங்கள் வராமலில்லை. பேருந்து, மெட்ரோ, ரயில் மூன்றையும் ஒருங்கிணைக்க ஒரு பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் அமைக்கத் தமிழகச் சட்டமன்றம் 2010-இலேயே சட்டம் இயற்றியது. மூன்றுக்கும் ஒரே செயலியில் சீட்டு வாங்கும் வசதி 2025 செப்டம்பரில் வந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் குளிரூட்டப்பட்ட மின்சார ரயிலும் கடற்கரையிலிருந்து செங்கல்பட்டுக்கு ஓடத் தொடங்கியது. சீட்டு ஒன்றாகிவிட்டது. கால அட்டவணையும் ஒன்றாக வேண்டும். எந்தப் பாதையை எப்போது யாருக்காக அடைப்பது என்று முடிவெடுக்கும் மேசையில் நகரத்துக்கும் ஒரு நாற்காலி வேண்டும்.

தாம்பரம் இன்று புறநகரன்று. 2021 முதல், பல்லாவரத்தையும் குரோம்பேட்டையையும் உள்ளடக்கிய தனி மாநகராட்சி. கம்பி நின்ற இடத்தில் ஒரு நகரம் எழுந்துவிட்டது. அதை எழுப்பிய ரயிலுக்கு இன்னும் புறநகர் ரயில் என்றே பெயர். அதற்கும் பழைய பெயரான மின்சார ரயில் என்பது வழக்கில் நீடிப்பதை நாம் அறியாமை என்று தள்ளிவிட வேண்டாம். தொலைதூர வண்டி தாம்பரத்துக்கு அப்பால் புகை கக்கிச் சென்ற நாளில், அன்றாடம் வேலைக்குப் போகிறவனின் தேவையைக் கருதி ஒரு கம்பி இழுக்கப்பட்டது. ஒரே ஒரு முறை இந்தப் பாதையில் முதலிடம் அவனுக்குக் கிடைத்தது. அதைச் சென்னை மறக்கவில்லை. அதனால்தான் இன்னும் அதே பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறது.